வெண்ணாறு: வருகிற தண்ணீரும் வடிகிற தண்ணீரும்

நம் பக்கத்தில் காவிரி என்று பேச்செடுத்தால் கர்நாடகம், டி.எம்.சி., மேட்டூர் என்ற மூன்று வார்த்தைதான் வரும். பேச வேண்டியதுதான். 2007இல் நடுவர் மன்றம் ஒதுக்கிய 192 டி.எம்.சி.யை, 16.2.2018 அன்று உச்ச நீதிமன்றம் 177.25 ஆகக் குறைத்ததை மறக்க முடியுமா? ஆனால் வந்து சேர்ந்த தண்ணீரை நாம் என்ன செய்கிறோம் என்று கேட்டால் டீக்கடையில்கூட சத்தம் காணோம். என் ஆதங்கம் அதைப் பற்றித்தான்.

கல்லணையில் பிரிகிற வெண்ணாறு, தென்பெரம்பூரில் வெட்டாற்றை விட்டுவிட்டு, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு இரண்டையும் அனுப்பிவிட்டு, மீதியோடு கூத்தாநல்லூர் பக்கம் வருகிறது. பாடப் புத்தகத்தில் சுற்றிலும் மேடு, நடுப்பள்ளத்தில் ஆறு என்று படம் போட்டிருப்பார்கள். அந்தப் படம் நம்ம ஊருக்குப் பொருந்தாது. காலகாலமாக வண்டல் படிந்து, இங்கே ஆறு மேட்டில் ஓடுகிறது, வயல் தாழ்வில் கிடக்கிறது. இரண்டு ஆற்றுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் வடிகால். மேல்மடையில் வடிந்தது கீழே இன்னொருத்தருக்குப் பாசனத் தண்ணீர். ஆகவே இங்கே கொட்டுகிற கோழிக்கழிவும் சாக்கடையும் எங்கும் போய்விடுவதில்லை. கடைமடைக்காரர் வயலில் போய் உட்காருகிறது!

சரி, அந்த வடிகால் இருக்கிறதா? எஃப்.எம்.பி. படத்தில் 'வாய்க்கால்' என்றிருக்கும். நேரில் போனால் காம்பவுண்டு சுவர். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வியர்வை சிந்தி அனுப்பிய காசில் வீடு கட்டுகிறவரைக் குறை சொல்ல நான் யார்? குற்றம், வாய்க்காலையும் சேர்த்துத் தூர்த்து மனை போட்டு விற்கிறவர்கள்மேல். 2020இல் வந்த வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் எண்ணெய்க் கிணறு, தோல் பதனிடும் ஆலை முதலியவற்றைத் தடுக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்தத் தடைப் பட்டியலில் வீட்டு மனை இல்லையே! 2020 டிசம்பரில் புரெவி புயல் மழை, அடுத்து 2021 ஜனவரியில் பருவம் தப்பிய மழை. அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து முளைத்துப் போனது. இப்படிச் சமதரையான பூமியில் ஒரு வடிகாலை அடைத்தால் எத்தனை வேலி நிலம் மூழ்கும் என்று லெவலிங் படித்த நமக்குத் தெரியாதா?

"அதெல்லாம் நீர்வளத்துறை வேலைப்பா" என்பார்கள். இருக்கட்டும். சர்வே கேம்ப் என்று வருஷா வருஷம் எங்கோ ஒரு பொட்டலில் செயின் இழுக்கிறோம். அதையே இங்கே ஒரு வடிகாலில் செய்தால் என்ன? அடைப்பு எங்கே, மட்டம் எவ்வளவு என்று ஒரு வரைபடமாவது மிஞ்சுமே.

தண்ணீர் பரிசோதனையும் நம்ம லேபிலேயே முடியும். குளிக்கிற நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த அளவு: லிட்டருக்குக் கரைந்த ஆக்சிஜன் 5 மி.கி.க்குக் குறையக் கூடாது, பி.ஓ.டி. 3 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. கரைந்த ஆக்சிஜனுக்கு வின்க்லர் முறை போதும். பியூரெட்டும் தயோசல்பேட்டும் அலமாரியில் தூங்குகின்றன. மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. முதல் தண்ணீர் வந்ததும் ஒரு தடவை, நிறுத்திய பிறகு குட்டையாய் நிற்கும்போது ஒரு தடவை, படித்துறையிலேயே மாதிரி எடுக்கலாம். மூடியுள்ள கண்ணாடி பாட்டில் ஒரு டஜன் வேண்டும். விளையாட்டு விழாவுக்குப் பந்தல் போட்ட மாணவர் பேரவை, இதற்கும் கொஞ்சம் காசு ஒதுக்கட்டும்.