காலியாகக் கிடந்த புனே நாற்காலி
14 மாதம் எம்.பி. இல்லாமல் இருந்த தொகுதியின் கதை

(நமது புனே நிருபர்)

ஓர் ஓட்டின் மதிப்பு என்ன? புனே நகரம் இரண்டே ஆண்டுகளில் இதற்கு இரண்டு விதமான விடைகளைப் பார்த்துவிட்டது.

2022 ஜூன் மாதம், ஒவ்வோர் ஓட்டையும் எண்ணிக் கணக்குப் போட்டு, எழுந்து நடக்க முடியாத இரண்டு எம்.எல்.ஏ.க்கள் இங்கிருந்து மும்பைக்கு ஆம்புலன்சில் அழைத்துச் செல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் புனேயின் எம்.பி. காலமானார். 20 லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்களைக் கொண்ட தொகுதி, அதன்பின் 14 மாதம் பார்லிமெண்டில் ஆள் இல்லாமல் கிடந்தது.

ஆம்புலன்சில் வந்த ஓட்டு

2022 ஜூன் 10-ந் தேதி மராட்டியத்தில் ராஜ்ய சபை தேர்தல் நடந்தது. 6 இடங்களுக்கு 7 பேர் போட்டி. ஆறாவது இடத்துக்கு பா.ஜனதாவின் தனஞ்செய் மகாடிக்கும் சிவசேனாவின் சஞ்சய் பவாரும் மோதினார்கள். புனே கஸ்பா பேட் எம்.எல்.ஏ. திருமதி முக்தா திலக்கும், சிஞ்ச்வாடு எம்.எல்.ஏ. லட்சுமண் ஜக்தாப்பும் கடுமையான நோயில் இருந்தவர்கள். இருவரும் ஆம்புலன்சில் போய் ஓட்டுப் போட்டார்கள்.

ஓட்டுச் சீட்டை மற்றவர்களுக்குக் காட்டினார்கள் என்று இரு தரப்பும் ஒருவர் மீது ஒருவர் புகார் செய்ததால், மாலையில் தொடங்க வேண்டிய எண்ணிக்கை நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கியது. சிவசேனாவின் சுகாஸ் காண்டே போட்ட ஓட்டு செல்லாது என்று தேர்தல் கமிஷன் முடிவு செய்தது. முதல் விருப்ப ஓட்டில் பவாருக்கு 33, மகாடிக்குக்கு 27. ஆனால் பா.ஜனதாவின் மற்ற இரு வேட்பாளர்களிடம் உபரியாக இருந்த ஓட்டுகள் இரண்டாவது விருப்பமாக வந்து சேர்ந்ததால் மகாடிக் வெற்றி பெற்றார்.

பத்து நாள் கழித்து மேல்சபை தேர்தலிலும் அந்த இருவரும் வந்தார்கள். அவர்கள் ஓட்டுப் போட்ட முறை பற்றி காங்கிரஸ் எழுப்பிய ஆட்சேபத்தைக் கமிஷன் ஏற்கவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் உத்தவ் தாக்கரே மந்திரிசபையே கவிழ்ந்தது.

2022 டிசம்பர் 22-ந் தேதி முக்தா திலக் காலமானார். 2023 ஜனவரி 3-ந் தேதி ஜக்தாப் காலமானார்.

வாரிசு வேலை அல்ல

ரயில்வேயில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குக் கருணை அடிப்படை நியமனம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கிடைக்கும். நம் அரசியல் கட்சிகளும் இடைத்தேர்தலை ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கின்றன.

சிஞ்ச்வாடில் ஜக்தாப்பின் மனைவி அஸ்வினி நிறுத்தப்பட்டு 36 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். நம் ஊர் ஈரோடு கிழக்கில் மகன் திருமகன் ஈவெரா இறந்த இடத்தில் தந்தை இளங்கோவன் நின்று ஜெயித்தார். கஸ்பாவில் மட்டும் திலக் குடும்பத்தை விட்டுவிட்டு ஹேமந்த் ராசனேக்கு பா.ஜனதா டிக்கெட் கொடுத்தது. காங்கிரசின் ரவீந்திர தங்கேகர் 10,915 ஓட்டு வித்தியாசத்தில் அவரைத் தோற்கடித்தார். மூன்று தொகுதிகளின் முடிவும் ஒரே நாளில், 2023 மார்ச் 2-ந் தேதி வெளிவந்தன.

வாரிசு ஜெயிக்கலாம், தோற்கலாம். அதை மக்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் மூன்று இடத்திலும் தேர்தல் நடந்தது. இரண்டு மாதம், இரண்டரை மாதத்திற்குள் மக்களிடம் கேட்டார்கள். முக்கியம் அதுதான்.

பாபட்டின் இடம்

கஸ்பாவில் தோற்றது பா.ஜனதாவுக்குச் சாதாரண அடி அல்ல. அது கிரிஷ் பாபட்டின் கோட்டை. டெல்கோவில் வேலை பார்த்தவர். 1995 முதல் ஐந்து முறை தொடர்ந்து அந்தத் தொகுதியில் வென்றவர். மாநில உணவு மந்திரியாக இருந்தவர். 2019-ல் மூன்று லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் புனே எம்.பி. ஆனவர். எதிர்க்கட்சிக்காரர்களிடமும் நட்பாகப் பழகியவர் என்று பெயர் எடுத்தவர். கஸ்பா இடைத்தேர்தலுக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சக்கர நாற்காலியில் வந்து தொண்டர்களிடம் பேசினார். மார்ச் 29-ந் தேதி காலமானார்.

ஒரு இடம் காலியானால் 6 மாதத்திற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151-ஏ பிரிவு. இதற்கு விலக்கு இரண்டே. மீதிப் பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். அல்லது அந்தக் கெடுவுக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்துகொண்டு கமிஷன் சான்று அளிக்க வேண்டும்.

பாபட்டின் பதவிக்காலத்தில் 14 மாதத்திற்கு மேல் மீதி இருந்தது. முதல் விலக்கு பொருந்தாது. எனவே கமிஷன் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. மற்ற தேர்தல் வேலைகள் இருக்கின்றன, 2024 பொதுத்தேர்தலுக்கும் தயாராக வேண்டும், ஜெயித்து வருபவருக்குக் கிடைக்கும் காலமும் கொஞ்சம்தான் என்றது.

இந்தக் காரணம் எடுபடுமா? பாபட் இறந்த அதே நாளில்தான் ஜலந்தர் லோக் சபை தொகுதிக்கு இடைத்தேர்தல் அறிவிக்கப்பட்டது. மே 10-ந் தேதி அங்கே ஓட்டுப்பதிவு நடந்தது. கேரளாவில் உம்மன் சாண்டி ஜூலை 18-ந் தேதி இறந்தார்; செப்டம்பர் 5-ந் தேதி புதுப்பள்ளியில் ஓட்டுப்பதிவு. கன்னியாகுமரி எம்.பி. வசந்தகுமார் இறந்தபோது, கொரோனா காலத்தில்கூட, எட்டு மாதத்திற்குள் தேர்தல் நடந்துவிட்டது.

கஸ்பா தோல்வியால் ஆளும் கட்சி பயந்துவிட்டது என்று எதிர்க்கட்சியினர் பேசிக்கொண்டார்கள். அதற்கு ஆதாரம் காட்ட முடியாது. ஆனால் அப்படிப் பேசுவதற்கு இடம் கொடுத்தது கமிஷன்தான்.

கோர்ட்டில் கிடைத்ததும் நழுவியதும்

புனேவாசி ஒருவர் பம்பாய் ஐகோர்ட்டுக்குப் போனார். 2023 டிசம்பர் 13-ந் தேதி நீதிபதிகள் கவுதம் படேலும் கமல் காட்டாவும் கமிஷனின் சான்றை ரத்து செய்து, உடனே தேர்தல் நடத்த உத்தரவிட்டார்கள். கமிஷன் அப்பீல் செய்தது. 2024 ஜனவரி 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. லோக் சபையின் ஆயுளே முடியப்போகிறது. இனி நடத்திப் பயன் இல்லை என்ற நிலை வந்துவிட்டது.

காலம் குறைந்தது எப்படி? தாமதித்ததால் குறைந்தது. பிறகு, காலம் குறைவு என்பதே தேர்தல் நடத்தாததற்குக் காரணம் ஆகிவிட்டது!

அமெரிக்காவின் மின்னசோட்டாவிலும் ஒரு செனட் நாற்காலி காலியாகக் கிடந்தது உண்டு. அங்கே செனட்டராக இருந்த பால் வெல்ஸ்டோன் 2002-ல் தேர்தலுக்கு 11 நாள் முன்பு விமான விபத்தில் இறந்தார். அந்த இடத்துக்கு வந்த நார்ம் கோல்மேனும் அவரை எதிர்த்த அல் பிராங்கனும் 2008-ல் மோதினார்கள். முதலில் கோல்மேன் 215 ஓட்டு முன்னிலை. மறு எண்ணிக்கையில் பிராங்கன் 225 ஓட்டு முன்னிலை. கோர்ட்டு வழக்கு முடிந்தபோது வித்தியாசம் 312. பிராங்கன் பதவி ஏற்க 2009 ஜூலை ஆகிவிட்டது. அங்கே ஆறு மாதம் நாற்காலி காலியாக இருந்தது, போட்ட ஓட்டைச் சரியாக எண்ணுவதற்காக. புனேயிலோ ஓட்டே போடவிடவில்லை.

நமக்கு என்ன நஷ்டம்?

எம்.பி. இல்லாததால் ரேஷன் நின்றதா, ரயில் நின்றதா என்று சிலர் கேட்கலாம். 2023 செப்டம்பரில் பெண்கள் இட ஒதுக்கீட்டு மசோதா லோக் சபையில் நிறைவேறியபோது புனேயின் ஓட்டு அங்கே இல்லை. 2024 பிப்ரவரியில் இடைக்கால பட்ஜெட் வந்தபோதும் இல்லை. கண்டோன்மெண்ட், கட்கி, எரவாடாவில் இருக்கும் தமிழர்கள் ஊர் ரயிலுக்கோ வேறு குறைக்கோ மனு எழுதினால், லோக் சபையில் எழுந்து கேள்வி கேட்க அவர்கள் தொகுதிக்கு ஆள் இல்லை. சொந்த ஊரில் ஓட்டை விட்டுவிட்டு இங்கே பெயர் பதிந்தவர்களுக்கு இது இரட்டை நஷ்டம்.

2024 மே 13-ந் தேதி புனே வாக்களித்தது. ஜூன் 4-ந் தேதி பா.ஜனதாவின் முரளிதர் மோகோல் 1,23,038 ஓட்டு வித்தியாசத்தில் தங்கேகரை வென்றார். முன்பே தேர்தல் வைத்திருந்தால் முடிவு எப்படி இருந்திருக்கும் என்பது இனி வீண் பேச்சு.

ஆனால் சட்டத்தில் உள்ள ஓட்டை அடைபட வேண்டும். கடினம் என்று சான்று தருவதானால், என்ன கடினம் என்பதை 6 மாதக் கெடு முடியுமுன் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். அதை எதிர்த்து வரும் வழக்கைக் கோர்ட்டுகள் வாரக்கணக்கில் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளை வேறொரு ஊரில், வேறொரு கட்சி ஆட்சியில், இதே கதை நடக்கும். காலியான நாற்காலி இறந்தவரின் கட்சிக்கோ குடும்பத்துக்கோ சொந்தம் அல்ல. கமிஷனின் வசதிக்கும் உரியது அல்ல. அது ஓட்டர்களுடையது.