அந்தமானுக்கு அம்மாவோடு... கடைசி நாளில் ஃபெர்ரி வேண்டாம்!

"ஏண்டி, இதே கடலைப் பார்க்கவா அவ்வளவு செலவு பண்ணிட்டுப் போகணும்?"

மாமல்லபுரம் கடற்கரையில் சுண்டல் கொறித்தபடி அம்மா கேட்டார். ஒரு வகையில் சரிதான். அங்கிருந்து நேர் கிழக்கே 1,300 கிலோமீட்டருக்கு மேல் போனால் மத்திய அந்தமான். ஒரே வங்கக்கடல். ஆனால், செங்கல்பட்டில் 30 வருஷமாக இருக்கும் அம்மா, இந்தக் கடலில் கணுக்கால் நனைவதைத் தாண்டிப் போனதே இல்லை. இங்கே அலை அப்படி. அந்தமானின் நீல் தீவில், பரத்பூர் கடற்கரையில் பவளத்திட்டுகள் அலையை வெளியிலேயே உடைத்துவிடும். முழங்கால் தண்ணீரில் அம்மா பயப்படாமல் நிற்கலாம். அதற்காகத்தான் இந்தப் பயணம். பணம், அம்மா எடுத்த சீட்டுப் பணம். அதனால் எனக்குத்தான் பயம்.

காரணம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் தோழிகளோடு போனபோது, கடைசி நாள் காலை ஹேவ்லாக்கிலிருந்து ஃபெர்ரி, மதியம் போர்ட் பிளேயரில் ஃப்ளைட் எனக் கச்சிதமாகத் திட்டம் போட்டேன். அன்றைக்குக் கடல் கொந்தளிப்பு, ஃபெர்ரி ரத்து. ஃப்ளைட் போயே போச்சு. புது டிக்கெட்டில் அந்த மாதச் சம்பளம் மொத்தமும் காலி.

தீவு தீவாகப் போகும் பயணத்தில் ஹோட்டலை முதலில் புக் பண்ணாதீர்கள். முதலில் ஃப்ளைட், அடுத்து ஃபெர்ரி, அதற்கேற்ப ரூம். அரசு ஃபெர்ரியில் கட்டணம் குறைவு, ஆனால் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். நான் தனியார் ஃபெர்ரியையே எடுத்திருக்கிறேன். போர்ட் பிளேயர், ஹேவ்லாக், நீல், மறுபடி போர்ட் பிளேயர் என்று முக்கோணமாகப் போனால் ஒரே வழியில் திரும்பி வர வேண்டியதில்லை. ஹேவ்லாக்கில் இரண்டு இரவு, நீலில் ஒன்று. ஃப்ளைட்டுக்கு முந்தின இரவு போர்ட் பிளேயரில்தான். இதில் மட்டும் சமரசமே கிடையாது.

பெயர்க் குழப்பம் வேறு! 2018-ல் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும், நீல் ஷஹீத் தீவாகவும் மாறின. 2024-ல் போர்ட் பிளேயர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. புக்கிங்கில் எந்தப் பெயர் வந்தாலும் பதற வேண்டாம்.

எப்போது போவது? மே மாத லீவு பலருக்கு வசதிதான். ஆனால், தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு முன்பே, மே மூன்றாம் வாரத்தையொட்டி அந்தமானைத் தொட்டுவிடும். பொங்கல் முடிந்து பிப்ரவரி என்று முடிவு செய்தோம். இன்னொன்று, அங்கே சூரியன் நம் ஊரைவிட சுமார் 50 நிமிடம் முன்னதாகவே எழுந்து, முன்னதாகவே மறைந்துவிடும். கடிகாரம் மட்டும் இதே இந்திய நேரம். ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம் பார்க்க ஆறு மணிக்குப் போனால், இருட்டைத்தான் பார்க்க முடியும்!

நீலில் இருக்கும் இயற்கைப் பாறை வளைவை லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிட்டேன். கடல் வற்றும் நேரத்தில், வழுக்கும் பாறைகள்மீது நடந்து போக வேண்டும். அம்மாவின் முட்டிக்கு ஆகாது. குளிப்பதும் லைஃப்கார்டு இருக்கும் இடத்தில் மட்டும்தான். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருந்தால் காலைக்கூட நனைக்காதீர்கள். முதலையென்றால் நம் ஈ.சி.ஆர் முதலைப் பண்ணைதான் அம்மாவுக்குத் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தால் பரவாயில்லையாம்.

கரையில் கிடக்கும் பவளத்துண்டை ஞாபகார்த்தமாகப் பையில் போடாதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்வீர்கள்.

எல்லாம் விளக்கி முடித்தேன். அம்மா கொஞ்ச நேரம் அலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்...

"தண்ணியில நிக்க புடவை சரிப்படாதுல்ல? எனக்கு ஒரு சுடிதார் எடுக்கணுமோ?"