தில்லை இல்லாத தில்லை

“மாந்தர் தொகை பெருகிற்று, அதனால் விலங்கினம் அருகிற்று” என ஒற்றை வரியில் வழக்கை முடித்துவிட்டுக் கைகழுவுவோர் இன்று மிகுந்துவிட்டனர். அவ்வரியிற் பாதி உண்மை உண்டு, மறுக்கவில்லை. 1951இல் 3 கோடியாயிருந்த தமிழ்நாட்டு மக்கள் 2011இல் 7 கோடியே 21 இலக்கமாயினர். அவர்களுக்கு வீடும் வயலும் வழியும் வேண்டியிருந்தன. காடும் கழியும் சுருங்கின. ஆயினும், மறுபாதியை மறைத்துவிட்டு ஏழைத் தாயின் மடியை நோக்கி விரல் நீட்டுகின்றனரே, அதுதான் பொறுக்கவொண்ணாதது. 2019–21ஆம் ஆண்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பெண்ணொருத்திக்கு நிரவலாக 1.8 மகவே. தொகை பெருகாது நிலைத்து நிற்க வேண்டிய 2.1க்கும் அது கீழ். பிறப்புக் குறைந்தும் அழிவு குறையாத கரணியம் யாது?

சிதம்பரத்துக்குத் தில்லை எனும் பழம்பெயரைத் தந்தது ஒரு மரம். உவர்க்கழியோரம் வளர்வது, அதன் பால் கண்ணிற் பட்டாற் பார்வையைக் கெடுப்பது. பெயர் ஊரில் நிற்கின்றது. மரத்தைக் காண வேண்டுமாயின் கிழக்கே பிச்சாவரத்துக் கண்டற்காட்டுக்குப் போக வேண்டும். அக்காட்டையேனும் விட்டுவைத்தனரா? கூறுகூறாகப் பிரித்து முறைவைத்து மொட்டையடிக்கும் வழக்கத்தை ஆங்கிலேயன் புகுத்தினான். அவன் போன பின்னும் 1970கள் வரை அது நீடித்தது. நிழலிழந்த சேற்றுநிலம் காய்ந்து தாழ்ந்தது; பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வற்றி உப்பு ஏறியது; கன்று முளைக்கவில்லை. 1990களில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்ட பிறகுதான் அங்கு மீண்டும் பசுமை துளிர்த்தது. அந்நிலத்தைச் சாகடித்தது குடிசைவாழ் மக்களின் பெருக்கமா, அரசின் வருவாய்க் கணக்கா?

அடுத்து வந்தது இறாற்பண்ணை. வெளிநாட்டார் தட்டுக்காக நம் கடற்கரை வயல்கள் உவர்க்குட்டைகளாயின. 1996 திசம்பர் 11இல் இந்திய உச்ச நயன்மன்றம் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் அவற்றுக்குத் தடை விதித்தது. 2005இல் வந்த நடுவணரசின் சட்டமோ அத்தடையின் முனையையே மழுக்கிற்று! கடலிலும் இதே கதைதான். பங்குனி ஆமை முட்டையிடக் கரைநோக்கி வரும் திங்கள்களில் இழுவைமடிகள் கடலடியை வாரிச் செல்கின்றன. மடியிற் சிக்கிய ஆமை மூச்சுக்கு மேலெழ வழியின்றி மாள்கின்றது. 2025 சனவரியிற் சென்னைக் கரையோரம் அவை நூற்றுக்கணக்கிற் செத்தொதுங்கியதை நாடே கண்டது.

இனி முதலையைப் பார்ப்போம். பழைய கொள்ளிடக் கரையின் சிற்றூர்களில் முதலை மாட்டை இழுத்தது, ஆளைக் கடித்தது என்னும் செய்தி புதிதன்று, உயிரிழந்தோரும் உளர். வெள்ளத்தோடு வாய்க்காலுக்கும் குளத்துக்கும் ஏறிவரும் முதலை, நீர் வடிந்தபின் ஊர்நடுவே சிக்கிக்கொள்கின்றது. காட்டுத்துறையார் அதைக் கட்டித் தூக்கிப்போய்ச் சிதம்பரத்தையடுத்த வக்காரமாரி நீர்த்தேக்கத்தில் விடுகின்றனர். அந்த ஊர்களில் துணி துவைக்கவும் மாடு குளிப்பாட்டவும் ஆற்றில் இறங்குபவர் எவர்? குழாய்நீருக்கு வழியற்ற எளியவரே. அதே கொள்ளிடத்து நீர்தான் கீழணையில் திரும்பி, வடவாற்றின் வழியே வீராணத்தை நிரப்பி, 2004 முதல் ஏறத்தாழ 235 கிலோமீட்டர்க் குழாயிற் சென்னைக்குப் போகின்றது. சென்னையார் நீர்வேட்கையை நாம் பழிக்கவில்லை. குடிக்க நீர் வேண்டும். ஆனால், மகிழுந்து கழுவவும் புற்றரை நனைக்கவும் தாராளமாய்த் திறந்துவிடும் கை ஒருநாளும் முதலையின் வாயைக் காண்பதில்லை. நீர் குறைந்த கோடையில் எஞ்சிய மடுவுக்காக முதலையும் உழவனும் மோதிக்கொள்ள, “மக்கள் பெருகிவிட்டனர்” எனத் தீர்ப்புரைப்பவரும் அந்தக் கைக்குரியவரே!

பிடிபட்ட முதலையையெல்லாம் வக்காரமாரிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றனர். அதுவும் நிறைந்தபின் எங்கே அனுப்புவர்? கரையோரச் சிற்றூர்களின் ஒவ்வொரு படித்துறையிலும் வேலியிட்ட குளியலிடமும், ஒவ்வொரு தெருவிலும் குடிநீர்க் குழாயும் அமைக்க எத்தனை பணம் வேண்டும்? 235 கிலோமீட்டர்க்குக் குழாய் பதிக்கத் தெரிந்த அரசுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா?