ஏறும்போது நிதானம்!

கடலில் இறங்குவதே அபாயம் என்று நாம் எண்ணுகிறோம். ஆழத்திலிருந்து ஏறுவதும் அதற்குச் சளைத்த அபாயமன்று.

சோடாப் புட்டியைத் திறந்தவுடன், அமுக்கம் நீங்கவே, ஜலத்தில் கரைந்திருந்த வாயு குமிழி குமிழியாகப் பொங்குகிறதல்லவா? 10 மீட்டர் ஆழத்தில் அமுக்கம் இரு மடங்காகிறது. அங்கே குழாய் வழியே சுவாசிப்பவனுடைய இரத்தத்தில் நைட்ரஜன் மிகுதியாகக் கரைகிறது. அவசரமாக ஏறினானோ, அவன் சரீரமே சோடாப் புட்டிதான்! மூட்டுகளில் பொறுக்க முடியாத வலி, பக்கவாதம், சில சமயம் மரணமே சம்பவிக்கும்.

ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் சாஸ்திரியும் சகாக்களும் ஆடுகளை வைத்துப் பரீட்சித்து, தங்கித் தங்கி ஏறவேண்டும் என்று 1908-ல் கணக்கு வகுத்தார்கள். இன்றைய விதி என்ன? நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறலாகாது, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் தங்கவேண்டும், மூச்சை அடக்கலாகாது. ஆழமும் நேரமும் கூடினால் தங்கலும் கூடும்.

ஒரே மூச்சில் முத்துக் குளித்த நம் பரதவருக்கு இத்தொல்லை அதிகமில்லை. அதே மன்னார்க் கடலில் காற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டு சங்கு எடுக்க இறங்குகிறவர்களுக்கோ உண்டு. குழாயைக் கொடுப்பவர்கள் கூடவே இந்தக் கணக்கையும் கொடுக்கவேண்டாமா? சில நிமிஷங்களை மிச்சம் பிடித்து ஒரு குடும்பத்தின் ஜீவனத்தை இழப்பது என்ன சிக்கனம் என்று கேட்கிறோம்.