‘கண்டுபிடிப்பு’ என்னும் பெருமை யாருக்கு?

கலை விமர்சகர் விரும்பிக் கையாளும் சொற்களுள் ‘கண்டுபிடிப்பு’ என்பதும் ஒன்று. 2016 செப்ரெம்பரில் நியூயோர்க்கின் விட்னி நூதனசாலையில் கர்மென் ஹெரேராவின் அரூப ஓவியக் காட்சி தொடங்கியபோது இச்சொல் தாராளமாகவே வழங்கப்பட்டது. ஓவியருக்கு அப்பொழுது வயது 101. காட்சியில் இடம்பெற்ற படைப்புகளோ 1948க்கும் 1978க்கும் இடைப்பட்டவை. அவற்றைப் படைத்தவர் அறுபது ஆண்டுகளாக அதே நகரிலேயே வாழ்ந்து வந்தவர். வாசலில் நின்றவரைக் கண்டுபிடித்ததாக மார்தட்டுவது எவ்வகையில் நியாயமாகும்?

1915இல் ஹவானாவிற் பிறந்து கட்டடக்கலை பயின்ற ஹெரேரா, 1948 முதல் சில ஆண்டுகள் பரிஸில் வாழ்ந்தார். நேர்கோடும் தட்டையான நிறமுமே ஓவியத்துக்குப் போதும் என்னும் தெளிவு அங்கேதான் அவருக்கு வாய்த்தது. அதே ஆண்டுகளில் அதே நகரில் அதே திசையிற் சிந்தித்த இன்னொருவர் எல்ஸ்வேத் கெலி. இருவரும் 1950களில் நியூயோர்க் திரும்பினர். கெலிக்கு 1956இல் அங்கு தனிக்காட்சி கிடைத்தது. 1973இல் நவீன கலை நூதனசாலை அவரது படைப்புகளைத் தொகுத்துப் பெருங்காட்சி நடத்தியது. ஹெரேராவின் ஓவியம் முதன்முதலாக விலைபோனபோது ஆண்டு 2004. அவருக்கு வயது 89. கெலியின் ஆற்றலை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆற்றல் தானாகவே வெளிப்படும் என்னும் பழைய ஆறுதல் மட்டும் இங்கு செல்லாது.

1959 முதல் 1971 வரை அவர் வரைந்த ‘வெள்ளையும் பச்சையும்’ என்னும் வரிசையை நோக்குக. பரந்த வெண்பரப்பில் கூரிய பச்சை முக்கோணங்கள் சில, அவ்வளவே. ஆயினும் நிறம் முன்பக்கத்தோடு நின்றுவிடாது. சிலவற்றிற் சீலையின் பக்க விளிம்பையும் சூழ்ந்து செல்வதால் ஓவியம் சுவரில் நிற்கும் ஒரு பொருளாகவே மாறிவிடுகின்றது. கட்டடக்கலை பயின்ற கையின் வேலை அது. இவ்வரிசையில் 1959இல் வரையப்பட்ட ஓவியமொன்று விட்னியின் உடைமையானது 2014இல்.

ஆண்களை விஞ்சி வரையக்கூடியவர் என ஒப்புக்கொண்ட காட்சிக்கூட உரிமையாளரொருவர், பெண் என்பதாலேயே தமக்குக் காட்சி தர மறுத்தார் என்பதை ஹெரேராவே பின்னாளிற் கூறியுள்ளார். மறுத்தவரும் ஒரு பெண்ணே! எனவே இதனைத் தனிமனிதரின் குரூரம் எனத் தள்ளிவிட இயலாது. வாங்குவோர் ஆண்பெயரை நம்பினர்; விற்போர் அந்நம்பிக்கையை முதலாக்கினர்; பெரிய நூதனசாலைகள் சந்தை காட்டியதையே வரலாறாக எழுதிக்கொண்டன. யாருமே பார்க்கவில்லை என்பதும் பொய். புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் தம் முயற்சியால் 1969இல் தொடங்கிய எல் பாரியோ நூதனசாலை, 1998இலேயே அவரது கறுப்பு வெள்ளை ஓவியங்களைக் காட்சிப்படுத்தியது. அங்கே பார்க்கப்படுவது ‘கண்டுபிடிப்பு’ ஆகாது போலும்.

புறக்கணிப்பே அவருக்குச் சுதந்திரம் அளித்தது என்று வாதிடுவோர் உளர். அவ்வாறு ஹெரேராவே சொன்னதுண்டு. அதனைச் சொல்லும் உரிமை அவருக்கு மாத்திரமே உரியது. புறக்கணித்தோர் அதனை மேற்கோள் காட்டுவது வெட்கக்கேடு. அச்‘சுதந்திரத்துக்கு’ வாடகை கொடுத்தது, பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்த கணவர் ஜெஸி லோவென்தாலின் சம்பளம். அவர் 2000ஆம் ஆண்டில் காலமானார். மனைவியின் புகழை அவர் காணவில்லை.

இன்னும் பெரிய இழப்பொன்று உண்டு. 1960களில் ஹெரேரா ‘கட்டமைப்புகள்’ என்னும் சிற்பங்களைத் திட்டமிட்டார். பணமின்மையால் அவற்றுட் பெரும்பாலானவை பல்லாண்டுகள் தாளிலேயே கிடந்தன. அவற்றிற் சில பேருருவில் அலுமினியத்தில் ஆக்கப்பட்டு நியூயோர்க் நகரமண்டபப் பூங்காவில் நிறுவப்பட்டது 2019இல். மூன்றாண்டுகள் கழித்து, 2022 பெப்ரவரியில், 106ஆவது வயதில் அவர் மறைந்தார். வரைந்து வைத்த ஓவியத்தைக் காலங்கடந்தேனும் சுவரில் மாட்டலாம். ஐம்பது வயதில் செய்ய முடியாது போன சிற்பத்தைக் கண்டு, அடுத்ததை வேறுவிதமாகச் செய்திருக்கக்கூடிய கைகளை எந்த நூதனசாலை கண்டுபிடித்துத் தரும்?