இமோவின் கடையில் விலை ஏறட்டும்

சியோல் நகரின் தெற்கே, குவானாக் மலையடிவாரத்தில் தேஹாக்-தோங் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. அங்கே ஒரு சந்துக்குள் மதியச் சாப்பாட்டை 8,000 வொன்னுக்குப் போடும் சின்னக் கடையில் பல ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறேன். நம் பணத்தில் ஏறக்குறைய 500 ரூபாய். அந்த விலை போதாது, ஏற வேண்டும் என்பதுதான் என் கட்சி. தின்கிறவனே விலையேற்றம் கேட்கிறானே என்று யோசிப்பவர்கள், அந்த 8,000 வொன்னுக்கு மேசையில் என்னென்ன வந்து உட்காருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கடையில் ஆறு மேசைகள். ஒவ்வொரு மேசையின் பக்கவாட்டிலும் ஒரு இழுப்பறை. கரண்டியும் எஃகுக் குச்சிகளும் அதற்குள் இருக்கும், நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரும் அப்படியே. உணவுப் பட்டியல் கிடையாது. இன்றைய குழம்பு எது என்று சுவரிலுள்ள வெள்ளைப் பலகையில் எழுதியிருக்கும். பெக்பான் என்று இந்த வகைச் சாப்பாட்டைச் சொல்வார்கள். மூடிபோட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் சோறு. மண்சட்டியில் கொதித்துக்கொண்டே வரும் தோயன்ஜாங் ச்சிகே, அதாவது புளிக்கவைத்த சோயா விழுதுக் குழம்பு. சில நாள் அதற்குப் பதில் கிம்ச்சிக் குழம்பு. கூடவே பொரித்த அயிலை மீனோ, மிளகாய் விழுதில் புரட்டிய பன்றிக்கறியோ வரும். இவற்றைச் சுற்றிச் சின்னச் சின்னத் தட்டுகளில் பான்சான்: கிம்ச்சி, நல்லெண்ணெயும் பூண்டும் சேர்த்துப் பிசறிய சோயா முளை, வேகவைத்துப் பிழிந்த கீரை, சோயா சாற்றில் வற்றவைத்த உருளைக்கிழங்கு, பிறகு நெத்திலி. தானியப் பாகும் எள்ளும் சேர்த்துத் தித்திப்பாக வறுத்த நெத்திலி. தூத்துக்குடியில் பிறந்து நெத்திலியைப் புளியும் மிளகாயுமாகவே தின்று வளர்ந்த என் நாக்கு அதற்குப் பழகச் சில மாதங்கள் ஆயின. இப்போது முதலில் காலியாவது அந்தத் தட்டுதான்.

இந்தத் தட்டுகளில் ஒன்றையும் நாம் கேட்டு வாங்குவதில்லை. தீர்ந்தால் "இமோ, இன்னும் கொஞ்சம் கொடுங்கள்" என்று குரல் கொடுத்தால் போதும், மறுபடி நிரம்பும். அதற்குக் காசு கிடையாது. அம்மாவின் சகோதரியை அழைக்கும் முறையில்தான் கடைக்கார அம்மாவை எல்லோரும் இமோ என்று கூப்பிடுகிறோம். எழுபதை நெருங்கும் அவர் எங்களை ஒருமையில்தான் பேசுவார். இரண்டு நாள் போகாவிட்டால், "எங்கே போனாய், முகம் வாடியிருக்கிறதே" என்பார்.

அந்தக் கேள்விக்கு இந்தத் தெருவில் தனி மதிப்பு உண்டு. நீதித்துறைத் தேர்வுக்கும் அரசுப் பணித் தேர்வுகளுக்கும் படிப்பவர்கள் வந்து தங்கும் ஊராகவே தேஹாக்-தோங் பெயர் பெற்றது. அவர்களுக்கு வாடகைக்கு விட்டவை சிற்றறைகள்: கட்டில், மேசை, ஒரு சன்னல், அதோடு அறை முடிந்தது. 2017இல் நீதித்துறைத் தேர்வு முறையே ஒழிக்கப்பட்டது. படித்தவர்கள் போனார்கள், அறைகள் அப்படியே நின்றன. இப்போது அவற்றில் இளம் ஊழியர்கள், வேறு தேர்வுகளுக்குப் படிப்பவர்கள், வயதான ஒற்றை ஆட்கள், என்னைப்போல் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலைபார்க்கும் வெளிநாட்டுக்காரர்கள். கொரியாவில் 2023 கணக்குப்படி மொத்த வீடுகளில் 35.5 விழுக்காடு ஒரே ஆள் வசிக்கும் வீடுகள். ஆனால் அங்குள்ள கறிவாட்டும் கடைகள் பலவற்றில் இரண்டு பேருக்குக் குறைந்து அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். இமோவின் கடையில் மதியம் வந்து உட்காருபவர்களில் பெரும்பாலோர் தனியாள்கள். அவர்கள் கீரை தின்பது அநேகமாக அங்கே மட்டும்தான்.

இந்தத் தட்டுகளுக்குப் பின்னால் உள்ள உழைப்பைக் கடை திறக்கும் முன்பே போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பான்சானும் தனி வேலை. முளையை ஆய்ந்து, வேகவைத்து, ஆறவைத்துப் பிசற வேண்டும். கீரையைக் கொதிநீரில் காட்டி எடுத்துக் கையால் பிழிய வேண்டும். கிம்ச்சிக்கு முட்டைக்கோசை இரவெல்லாம் உப்பில் ஊறவைத்து, அலசி, வடித்து, மிளகாய்த் தூள், பூண்டு, இஞ்சி, உப்பிட்ட இறால் சேர்ந்த விழுதை இலைக்கு இலை தடவ வேண்டும். சீனாவிலிருந்து வரும் தயார் கிம்ச்சி மலிவு. ஏராளமான உணவகங்கள் அதைத்தான் போடுகின்றன. எந்தப் பொருள் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று சுவரில் பலகை மாட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். இமோவின் பலகையில் அரிசிக்கு நேரேயும் முட்டைக்கோசுக்கு நேரேயும் உள்நாடு என்றே இருக்கிறது. 2024 செப்டம்பரில் வெயிலால் விளைச்சல் கெட்டு, முட்டைக்கோஸ் விலை கண்டபடி ஏறி, அரசே சீனாவிலிருந்து இறக்குமதி செய்த நாட்களில் அவர் கடைக் கிம்ச்சித் தட்டு கொஞ்சம் சிறுத்தது. அப்போதும் பலகை மாறவில்லை, விலையும் மாறவில்லை.

இன்னொரு செலவு வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு மேசையில் மிஞ்சிய பான்சானை அடுத்த மேசைக்குக் கொண்டுபோவதை 2009 முதல் சட்டம் தடைசெய்திருக்கிறது. மிக நியாயமான சட்டம். அதனால் ஒருவர் தொடாமல் விட்ட தட்டும் குப்பைக்கே போகும். 2013 முதல் உணவுக் குப்பைக்கும் அளவு பார்த்துக் கட்டணம் கட்ட வேண்டும். நாம் ஆசைக்கு நிரப்பச் சொல்லிவிட்டு மீதி வைக்கும் முளைக்கு இமோ இரண்டு முறை பணம் கட்டுகிறார், வாங்கும்போது ஒரு முறை, எறியும்போது ஒரு முறை. மறுபடி கேட்பதில் கூச்சம் வேண்டாம். கேட்டதைத் தின்றுவிட வேண்டும்.

அப்படியானால் பான்சானுக்குத் தனியாக விலை வைக்கட்டுமே என்று கொரிய நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். நான் அதை முழுமூச்சாக எதிர்க்கிறேன். கீரைக்கு ஆயிரம், முளைக்கு ஆயிரம் என்று எழுதிவிட்டால், கையில் காசு குறைந்தவன் முதலில் வெட்டுவது கீரையைத்தான். குழம்பும் சோறும் மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்துபோவான். கேட்காமலே முன்னால் வந்து வைக்கப்படும் அந்த ஐந்து தட்டுகள்தான் இந்தத் தெருவின் உடல்நலத் திட்டம். அதைத் துண்டு துண்டாக விற்கக் கூடாது. மொத்தச் சாப்பாட்டுக்கு 10,000 வொன் வாங்கட்டும்.

அங்குள்ள அரசு இந்தச் சோற்றில் கைவைப்பது புதிதல்ல. நாட்டில் அரிசி பற்றாக்குறையாக இருந்த 1970களில், உணவகச் சோற்றுக் கிண்ணம் எவர்சில்வரில், 10.5 செ.மீ. விட்டமும் 6 செ.மீ. உயரமும் கொண்டதாக இருக்க வேண்டும் என்று சியோல் நிர்வாகம் அளவு போட்டது. இன்றைக்கு என் முன்னால் வரும் மூடிக் கிண்ணம் அந்த ஆணையின் பிள்ளை. பின்னர் 2011இல் ‘நல்ல விலைக் கடை’ என்று மலிவான கடைகளைத் தேர்ந்தெடுத்து முத்திரை கொடுக்கும் திட்டம் வந்தது. முத்திரை பெற்ற கடைக்குக் குப்பைப் பை, தண்ணீர்க் கட்டணத்தில் சலுகை என்று உள்ளூர் நிர்வாகங்கள் ஏதாவது செய்கின்றன. விலை ஏறாமல் காத்தவருக்குக் கிடைப்பது அவ்வளவுதான். 2025இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,030 வொன் ஆனது. அதாவது உதவிக்கு ஒரு ஆளை ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ள ஒரு சாப்பாட்டின் விலை முழுதாகக் கொடுத்தாலும் போதாது, அரிசி, மீன், எரிவாயு, வாடகை எல்லாம் தனி. அதனால் இமோ ஆள் வைப்பதில்லை. அவருடைய மணிக்கு யார் கூலி போடுகிறார்கள்? முழங்காலில் வலிப்பட்டை கட்டிக்கொண்டு நிற்கிறார்.

ஏழை மாணவன் என்ன செய்வான் என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. விலை ஏறினால் அவன் முனைக்கடையில் பிளாஸ்டிக் பெட்டிச் சோறு வாங்கி அறைக்குப் போய்விடுவான் என்பது உண்மையான பயம். அதற்கும் கொரியாவிலேயே வழி இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு 1,000 வொன்னுக்குக் காலை உணவு கொடுக்கும் திட்டத்தை வேளாண் அமைச்சகம் 2017 முதல் நடத்திவருகிறது. மாணவன் கொடுப்பது ஆயிரம், மீதியை அரசும் பல்கலைக்கழகமும் ஏற்கின்றன. சமைப்பவர் தன் கூலியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வளாகத்துக்குள் ஏற்றுக்கொண்ட இந்த நியாயத்தை வளாகத்துக்கு வெளியே, அதே மாணவன் மதியம் சாப்பிடும் சந்துக்கும் நீட்ட வேண்டும் என்கிறேன்.

தொடர்களும் பாட்டும் இழுத்து நம்மூரிலிருந்து கொரியாவுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். மியோங்தோங் கடைத்தெருவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஒரு நாள் மதியம் பதினொன்றரைக்கு, அலுவலகக் கூட்டம் வரும் முன், ஏதாவது ஒரு குடியிருப்புச் சந்தில் பெக்பான் கடை தேடிப் போங்கள். சோற்றைக் கரண்டியால் தின்னுங்கள், கிண்ணத்தைக் கையில் தூக்க வேண்டாம். எழுந்து போகும்போது வாசலருகே பணம் கொடுத்தால் போதும், மேல்காசு வைக்கும் வழக்கம் இல்லை. சைவர்கள் மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: கிம்ச்சியில் பெரும்பாலும் இறாலோ மீன்சாறோ இருக்கும், சோயா விழுதுக் குழம்பின் அடித்தண்ணீரே நெத்திலி கொதித்த நீராக இருக்கும். கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்.

பத்தாயிரம் ஆக்குங்கள் என்று இமோவிடம் நேராகவே சொன்னேன். மூலை மேசையைக் கண்ணால் காட்டினார். அங்கே ஒரு பையன் புத்தகத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "அவன் பரீட்சை முடியட்டும்" என்றார். அவன் முடித்தால் அந்த நாற்காலியில் இன்னொருவன் உட்காருவான். ஆகவே இந்த முடிவை அவர் தலையில் விடக் கூடாது. முன்பு இந்தத் தெருவில் மாணவர்கள் சாப்பாட்டுச் சீட்டுகளைக் கட்டாக வாங்கிவைத்துக்கொள்வார்கள். குவானாக் வட்டார அலுவலகம் அந்தப் பையனுக்கு ஒரு வேளைக்கு 2,000 வொன் சீட்டு கொடுக்கட்டும். மீதி 8,000 வொன்னை அவன் இப்போதே கொடுத்துக்கொண்டிருக்கிறான்.