அறிவித்தல் வேறு, அநுமதி வேறு

1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம் ஊர்வலம் நடத்துவோரிடம் கேட்பது, ஆறு மணி நேரத்துக்கு முன்னதாக, அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு ஓர் அறிவித்தல். ஒலிபெருக்கிக்கே அநுமதிப்பத்திரம் வேண்டும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு கைகட்டி நிற்போர் நம்மிற் பலர். படித்தவரும் இதற்கு விலக்கல்லர்!

தெருவோர வியாபாரியின் நிலையோ இதனினும் இரங்கத்தக்கது. நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாள். தற்காலிகக் கடைகளுக்குரிய நிலத்தை மாநகர சபை ஏலத்திலே விட்டால், கச்சான் விற்கும் மூதாட்டியும், தன் தோட்டத்து விளைவைக் கொணரும் கமக்காரனும் பெருவியாபாரியோடு போட்டியிட இயலுமா? சட்டபூர்வமான தொழில் செய்யும் உரிமையை 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 14ஆம் உறுப்புரையில், ஒவ்வொரு பிரசைக்கும் வழங்குகின்றது. சிறு கடைகளுக்குக் கட்டணத்தை முன்கூட்டியே குறித்து, சீட்டுக் குலுக்கி இடங்கொடுத்தல் வேண்டும். மறுப்பதாயின், காரணத்தை எழுத்தில், தமிழில் தருக!